501-வது யூனிட்: அரசுக் கொள்கை பற்றி எடுபடும்படி எழுதுவது எப்படி

‘அரசு உடனடியாக உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்.’ மின்கட்டணம், மழைநீர் வடிகால், பள்ளிக்கூடம், பேருந்து, எதைப் பற்றி எழுதினாலும் நம் ஆட்கள் கடைசியில் வந்து நிற்கிற வரி இதுதான். இந்த வரி இல்லாமல் ஒரு கட்டுரையை முடித்துப் பாருங்கள், எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். எந்த அரசு, எந்தத் துறை, எந்த விதி, அதை என்னவாக மாற்றவேண்டும், ஒன்றுமே அதில் இல்லை. படிப்பவர் ‘ஆமாம், ஆமாம்’ என்று தலையாட்டிவிட்டு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுவார். எதிர்ப்பவருக்கு மறுப்பதற்குக்கூட அதில் எதுவும் அகப்படாது.

பொதுவாக அறிவுரை சொல்லிக்கொண்டு போவதில் பிரயோஜனம் இல்லை. ஒரே ஒரு விஷயத்தை எடுத்து அதைக் கட்டுரையாக்குவது எப்படி என்று கடைசிவரை போய்ப் பார்க்கலாம். வீட்டு ஈ.பி. பில்லை எடுத்துக்கொள்கிறேன். தமிழ்நாட்டில் அதைப் பற்றிக் கருத்து இல்லாத வீடே கிடையாது, அந்தக் கருத்துகளில் பெரும்பாலானவை பாதி சரி, பாதி தப்பு. எழுதிப் பழக இதைவிட நல்ல இடம் அமையாது.

முதலில் கணக்கு

உணர்ச்சியோடு ஆரம்பிக்காதீர்கள், அட்டவணையோடு ஆரம்பியுங்கள். 2022 செப்டம்பர் 10 முதல் அமலுக்கு வந்த வீட்டுக் கட்டணத்தைப் பார்ப்போம் (அதற்கப்புறம் விகிதங்கள் மாறியிருக்கின்றன, நீங்கள் எழுதும்போது நடப்பில் உள்ளதை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், முறை ஒன்றுதான்). இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை ஓடினால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500-ஐத் தாண்டிவிட்டால் வேறு அட்டவணை: முதல் 100 அப்போதும் இலவசம்தான், ஆனால் 101 முதல் 400 வரை மொத்தமும் 4.50, அப்புறம் 500 வரை 6, 600 வரை 8, 800 வரை 9, 1,000 வரை 10, அதற்கு மேல் 11.

இப்போது பேனாவை எடுங்கள். சரியாக 500 யூனிட் ஓட்டிய வீட்டுக்கு 225 + 900 + 600, ஆக 1,725 ரூபாய். 501 ஓட்டிய வீட்டுக்கு 1,350 + 600 + 8, ஆக 1,958 ரூபாய். அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்.

இந்த ஒரு வரி ‘மின்கட்டண உயர்வால் ஏழை எளிய மக்கள் பெரிதும் அவதி’ என்று இரண்டு பக்கம் எழுதுவதைவிட அதிகம் செய்யும். படிப்பவர் தன் பில்லை எடுத்துப் பார்ப்பார், பார்க்கவைத்துவிட்டால் அப்புறம் நீங்கள் சொல்வதைக் கேட்கத் தயாராகிவிடுவார். ஆனால் அந்த வரியை ஊதிப் பெருக்கக் கூடாது. ‘500 தாண்டினால் எல்லா யூனிட்டுக்கும் 8 ரூபாய்’ என்று யாராவது எழுதினால், விஷயம் தெரிந்த ஒருவர் பின்னூட்டத்தில் அட்டவணையை ஒட்டிவிட்டுப் போய்விடுவார், கட்டுரை அங்கேயே படுத்துவிடும். மாறுவது 101 முதல் 200 வரை உள்ள 100 யூனிட் மட்டும்தான். அங்கே 225 ரூபாய், 501-வது யூனிட்டுக்கு 8 ரூபாய். உண்மையே போதுமான அளவுக்கு விநோதமாக இருக்கும்போது அதற்கு மசாலா எதற்கு?

எல்லோரும் கேட்பதையே நீங்களும் கேட்கலாமா

‘மாதாமாதம் ரீடிங் எடுத்தால் பில் குறையும்’ என்பது நம் ஊரில் ரொம்ப நாளாக ஓடும் கோரிக்கை. 2021 தேர்தலில் தி.மு.க. வாக்குறுதியிலும் மாதாந்திரக் கணக்கீடு இருந்தது. நீங்களும் அதை ஆதரித்து எழுத நினைத்தால், எழுதுவதற்கு முன் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: மாதம் ஒருமுறை என்றால் ஸ்லாப், அதாவது எத்தனை யூனிட் வரை எந்த விலை என்கிற படி, என்ன ஆகும்? இரண்டு மாதத்துக்கு 500 என்பது மாதத்துக்கு 250 ஆகுமா, 500 ஆகவே இருக்குமா?

கோடையில் ஒரு மாதம் 350, அடுத்த மாதம் 160 ஓட்டும் வீட்டை எடுத்துக்கொள்வோம். இரு மாதக் கணக்கில் 510 யூனிட், பில் 2,030 ரூபாய். ஸ்லாபைப் பாதியாக்கி மாதாமாதம் கணக்கெடுத்தால் முதல் மாதம் 1,825, இரண்டாவது மாதம் 382.50, மொத்தம் 2,207.50. கூடிவிட்டது! ஸ்லாபைத் தொடாமல் மாதாமாதம் எடுத்தால் 900 + 135, மொத்தம் 1,035. அப்படியானால் பில்லைக் குறைத்தது மாத ரீடிங் இல்லை, கட்டணக் குறைப்பு. அதற்கு யாராவது பணம் கட்டியாக வேண்டும். இதையும் சொல்லிவிட வேண்டும்: பாதி ஸ்லாபில் எல்லோருக்கும் கூடாது, 260-ம் 245-ம் ஓட்டும் வீட்டுக்கு 102.50 ரூபாய் குறையும். சிலருக்கு லாபம், சிலருக்கு நஷ்டம்.

எழுத உட்காருபவர்களில் நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிற இடம் இது. தன் பக்கத்துக் கோரிக்கையைத் தானே சோதித்துப் பார்ப்பது சங்கடமான வேலை. கூட்டத்தோடு கோஷம் போடுவது சுலபம், லைக்கும் விழும். ஆனால் உங்கள் கட்டுரையைப் படிக்கப்போகிற துறை அதிகாரி இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர். ‘மாதாந்திரக் கணக்கீடு வேண்டும்’ என்று மொட்டையாக எழுதினால், ‘ஸ்மார்ட் மீட்டர் வந்ததும் பார்க்கலாம், கணக்கீட்டாளர்கள் பற்றாக்குறை’ என்று ஒரே வரியில் மூடிவிடுவார். அந்தப் பதில் நியாயமானதும்கூட, ஒவ்வொரு வீட்டுக்கும் வருடத்துக்கு ஆறு தடவை போகிறவர் பன்னிரண்டு தடவை போகவேண்டியிருக்குமே.

எனவே கோரிக்கையைச் சிறிதாக்குங்கள். என் யோசனை இப்படிப் போகும்: 101 முதல் 200 வரை எல்லோருக்கும் 2.25 என்றே வைத்துவிடலாம், அந்த 225 ரூபாயை 501 முதல் 600 வரையிலான யூனிட்களில் பரப்பி வசூலித்துக்கொள்ளலாம், அதாவது 8 ரூபாய்க்குப் பதில் 10.25. சரிபார்த்துக்கொள்ளுங்கள்: பழைய முறையில் 600 யூனிட்டுக்கு 1,350 + 600 + 800, ஆக 2,750. புதிய முறையில் 225 + 900 + 600 + 1,025, அதே 2,750. 600-க்கு மேல் ஓட்டும் யாருக்கும் ஒரு பைசா மாறாது. 500-க்குக் கீழேயும் மாறாது. நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும் திடீர் அடி விழாமல் படிப்படியாக ஏறும். வசூலில் இழப்பு அந்த நடுப்பகுதியில் மட்டும்தான்.

இதில் ஒரு குறை இருக்கிறது: 501 முதல் 600 வரை 10.25, அதற்கப்புறம் 800 வரை 9 ரூபாய் என்பது பார்க்க அசிங்கமாக இருக்கும், ‘அதிகம் ஓட்டுபவனுக்கு விலை குறைவா’ என்று கேட்பார்கள். கேட்பதற்கு முன் நீங்களே எழுதிவிடுங்கள். மொத்தத் தொகை இப்போதும் அதே 2,750-தான், அந்தக் கூடுதல் 225 ரூபாய் ஏற்கெனவே 501-வது யூனிட்டிலேயே மறைவாக வசூலிக்கப்படுகிறது, இப்போது வெளிப்படையாகத் தெரிகிறது, அவ்வளவுதான் என்று பதிலும் சொல்லிவிடுங்கள். எதிர்வாதத்தை எதிராளியைவிட நன்றாக நீங்கள் சொல்லிவிட்டால் அவருக்கு உங்கள் மேல் ஒரு மரியாதை வரும், மற்றதை அந்த மரியாதை பார்த்துக்கொள்ளும்.

யார் கையில் இருக்கிறது

மின்கட்டணத்தை முதலமைச்சர் நிர்ணயிப்பதாகவே நிறையப் பேர் எழுதுகிறார்கள். 2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டப்படி அதை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம். மின்வாரியம் மனு போடும், அது வெளியிடப்படும், மக்கள் கருத்துச் சொல்லலாம், அதற்கப்புறம் ஆணையம் உத்தரவு போடும். 2022-ல் கோவை, மதுரை, சென்னை மூன்று இடங்களிலும் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. கட்டணத்தைக் குறைத்து மக்களுக்குச் சலுகை கொடுக்க அரசு விரும்பினால், சட்டத்தின் 65-வது பிரிவு அந்த மானியத் தொகையை முன்கூட்டியே வாரியத்துக்குக் கட்டச் சொல்கிறது. ஆக இரண்டு கதவுகள். யூனிட் விலை பற்றி என்றால் ஆணையத்திடம் பேச வேண்டும், மானியம் பற்றி என்றால் பட்ஜெட் போடுகிற அரசிடம் பேச வேண்டும். 101 முதல் 200 வரை 2.25 என்பது 500-க்குள் ஓட்டுபவருக்கு அரசு தரும் மானியத்தால் வருவது, அதனால் என் யோசனைக்கு இரண்டு கதவையும் தட்ட வேண்டும். ஆணையத்திடம் போய் ‘ஏழைகள் பாவம்’ என்றால், அதற்கு மானியம் தருவது எங்கள் வேலை இல்லை என்றுதான் பதில் வரும்.

ஆணையத்தின் கட்டண உத்தரவைப் படித்துப் பாருங்கள், எழுதுகிறவருக்கு அது ஒரு பாடப்புத்தகம். ஆங்கிலத்தில் இருக்கும், நூற்றுக்கணக்கான பக்கம், பயப்பட வேண்டாம், ஒரு அத்தியாயம் போதும். மக்கள் சொன்ன ஆட்சேபணை, அதற்கு வாரியத்தின் பதில், அப்புறம் ஆணையத்தின் கருத்து என்று வரிசையாக இருக்கும். எந்த மாதிரி ஆட்சேபணைக்கு ஆணையம் நின்று பதில் சொல்கிறது, எதைப் ‘பரிசீலிக்கப்பட்டது’ என்று தட்டிவிட்டுப் போகிறது என்பது ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். ‘விலைவாசி ஏறிவிட்டது’ ரகம் எல்லாம் இரண்டாவது பெட்டியில்தான் விழும். சிறுதொழில் சங்கங்கள் நிலைக்கட்டணம், உச்சநேரக் கட்டணம் என்று தலைப்பைக் குறிப்பிட்டுப் பேசுவது சும்மா இல்லை.

மற்ற விஷயங்களுக்கும் இதே தேடல்தான். உங்கள் தெருச் சாலை மாநகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா? சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சி, கழிவுநீர்க் குழாய் குடிநீர் வாரியம், இரண்டும் ஒரே தெருவில் போகும். இதைத் தெரிந்துகொள்ளாமல் எழுதினால் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் கைகாட்டிவிடுவார்கள்.

இல்லாத எண்ணைக் கேட்டு வாங்குவது

மேலே சொன்ன யோசனைக்கு ஒரு முக்கியமான எண் தேவை: இரு மாதத்துக்கு 501 முதல் 600 யூனிட் வரை ஓட்டும் வீடுகள் எத்தனை? அது தெரிந்தால்தான் வசூலில் எவ்வளவு இழப்பு என்று சொல்ல முடியும். ஊகித்து எழுதாதீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு கேளுங்கள், பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும், தராவிட்டால் முதல் மேல்முறையீடு. கேட்கிற விதம் முக்கியம். ‘ஏன் இந்த அநியாயமான ஸ்லாப் முறை?’ என்று கேட்டால் ஒன்றும் கிடைக்காது, ஏனென்றால் ஆவணத்தில் உள்ளதைத் தருவதுதான் அவர்கள் வேலை, விளக்கம் சொல்வது இல்லை. ‘இந்த ஆண்டில், இந்த மின்பகிர்மான வட்டத்தில், இருமாதப் பயன்பாடு 501 முதல் 600 யூனிட் வரை உள்ள வீட்டு இணைப்புகளின் எண்ணிக்கை’ என்று கேளுங்கள். கோபத்தைக் கட்டுரைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அதற்கு முன், ஏற்கெனவே வெளியே இருப்பதைத் தேடிப் பாருங்கள். சட்டசபையில் துறைவாரியாகச் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதத்தின்போது ஒவ்வொரு துறையும் கொள்கை விளக்கக் குறிப்பு வெளியிடுகிறது, தமிழிலேயே கிடைக்கும். இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவரின் அறிக்கைகள் உண்டு. சோம்பல் பார்க்காமல் புரட்டினால் அரசு தானே ஒப்புக்கொண்ட குறைகள் அங்கே கிடக்கும், அவற்றை எடுத்துக் காட்டினால் யாரும் உங்களைக் கட்சிக்காரர் என்று சொல்ல முடியாது. சொல்வார்கள், ஆனால் எடுபடாது.

பெரிய எண்களைக் கையாளும்போது ஒரு எச்சரிக்கை. மகளிர் கட்டணமில்லா பேருந்துப் பயணத்தை எடுத்துக்கொள்வோம். 2021 மே மாதம் திட்டம் வந்தபோது ஆண்டுக்கு 1,200 கோடி ரூபாய் மானியம் என்றார்கள், 2025-26 பட்ஜெட்டில் 3,600 கோடி. எதிர்க்கிறவர் ‘மூன்று மடங்கு!’ என்பார், ஆதரிக்கிறவர் அந்த எண்ணையே எழுதமாட்டார். இரண்டும் ஏமாற்று வேலை. 3,600 கோடி என்பது யார் மனதிலும் எந்தப் படத்தையும் உண்டாக்காது. நாள் கணக்கில் பத்துக் கோடிக்குச் சற்றுக் குறைவு, 2011 கணக்கெடுப்பின் 7.21 கோடி மக்கள்தொகைக்குப் பங்கிட்டால் தலைக்கு வருடத்துக்குக் கிட்டத்தட்ட 500 ரூபாய். அப்படி எழுதிவிட்டு, பக்கத்திலேயே மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வு சொன்ன எண்ணை வையுங்கள்: பயன்படுத்தும் பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சம். வீட்டுவேலைக்கோ கடை வேலைக்கோ போகிறவருக்கு 888 ரூபாய் எத்தனை நாள் கூலி என்று உங்கள் ஊரில் நாலு பேரிடம் கேட்டு எழுதினால், அந்தச் சராசரிக்கு ஒரு முகம் கிடைக்கும். ஆட்களின் கதைக்கு அந்த அளவு இடம் போதும். கதையே கட்டுரை ஆகிவிட்டால் எதிராளி வேறொரு கதை சொல்லுவார், இப்படியே பொழுது போய்விடும்.

நல்ல திட்டத்துக்கு ஆதரவாக எழுதும்போது நாம் அதிகம் தடுக்கி விழுவது காரணத்திலும் விளைவிலும். தமிழ்நாட்டில் உயர்கல்வியில் சேருகிறவர்கள் விகிதம் 2021-22-ல் 47 சதவீதம், இந்திய அளவில் 28.4. உடனே ‘காமராசர் 1956-ல் மதிய உணவு போட்டார், எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவாக்கினார், அதனால் 47’ என்று ஒரே தாவலில் எழுதிவிடுகிறோம். நடுவில் பள்ளிகள் பெருகியது, இட ஒதுக்கீடு, தனியார் பொறியியல் கல்லூரிகள், இலவச பஸ் பாஸ், சைக்கிள் என்று எத்தனையோ இருக்கின்றன. சத்துணவு பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவைக்க உதவியது என்று மட்டும் சொல்லுங்கள், அதற்கு ஆதாரம் காட்டலாம், அந்தப் பெருமையே அதற்குத் தாராளம்.

எழுத்து என்கிற வேலை

இத்தனைக்கும் அப்புறம்தான் எழுதுவது வருகிறது. வழக்கமாக வரும் ஒரு பத்தி:

‘மின்கட்டண முறையில் பல்வேறு குளறுபடிகள் காணப்படுகின்றன. இதனால் நடுத்தர மக்கள் கடும் பாதிப்புக்கு உள்ளாக்கப்படுகின்றனர். எனவே இதில் உரிய சீர்திருத்தங்கள் மேற்கொள்ளப்பட வேண்டும்.’

இதையே இப்படி எழுதலாம் (2022 விகிதத்தில்):

‘உங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய் கட்டுகிறீர்கள். 501 ஓடினால் 1,958. கணக்கெடுக்க வருபவர் நாலு நாள் தாமதமாக வந்தாலே இந்தக் கோட்டைத் தாண்டிவிடலாம். 500-ஐத் தாண்டியவருக்கும் அரசு 101 முதல் 200 வரையிலான மானியத்தைக் கொடுத்து, ஒழுங்குமுறை ஆணையம் அடுத்த கட்டண உத்தரவில் இந்த 225 ரூபாயை 501 முதல் 600 வரை பரப்பினால் போதும், 600-க்கு மேல் ஓட்டுபவர் பில்லில் எதுவும் மாறாது.’

முதல் பத்தியில் யார் என்ன செய்கிறார்கள் என்றே தெரியவில்லை. ‘காணப்படுகின்றன’, ‘உள்ளாக்கப்படுகின்றனர்’, ‘மேற்கொள்ளப்பட வேண்டும்’, எல்லாம் தானாக நடக்கிற மாதிரி. அலுவலகக் கோப்புக்கு அது வசதி, உங்களுக்கு வேண்டாம். எழுதி முடித்ததும் இப்படி முடிகிற வினைகளை மட்டும் தேடி, ஒவ்வொன்றுக்கும் ‘யார்?’ என்று கேட்டுக்கொண்டே போங்கள். பதில் தெரியாத இடத்தில் இன்னும் படிக்க வேண்டியிருக்கிறது என்று அர்த்தம்.

நையாண்டி பற்றி ஒரு வார்த்தை. நமக்குக் கைவந்த கலை அது, விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் நையாண்டி ஏற்கெனவே உங்கள் பக்கம் இருப்பவரைச் சிரிக்கவைக்கும், தயங்கிக்கொண்டிருப்பவரை ஒதுங்கவைக்கும். நீங்கள் எழுதுவது தயங்குகிறவருக்கு. ‘இலவசத்துக்கு அலையும் கூட்டம்’ என்று ஒருவர் எழுதுவதும், ‘வயிற்றெரிச்சல் கோஷ்டி’ என்று இன்னொருவர் பதில் எழுதுவதும் பத்து வருடமாக நடக்கிறது, யாரும் கட்சி மாறியதாகத் தெரியவில்லை.

கருத்துக்கேட்புக்கு அனுப்பும்போது யாரோ தயாரித்த மனுவை அப்படியே நகலெடுத்து அனுப்பாதீர்கள். 2020-ல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை வந்தபோது லட்சக்கணக்கில் மின்னஞ்சல்கள் போயின, எதிர்ப்பு எவ்வளவு பெரியது என்று காட்ட அது உதவியது, சரி. ஆனால் ஒரே வாசகம் ஆயிரம் தடவை வந்தாலும், வாதம் என்ற முறையில் அது ஒரே வாதம்தான். கருத்துச் சொல்லும் அவகாசத்தை ஆகஸ்ட் 11 வரை நீட்டித்ததும், வரைவை மற்ற மொழிகளிலும் வெளியிடச் சொன்னதும் டெல்லி உயர்நீதிமன்றம். அங்கே போனவர்கள் கேட்டது இரண்டு திட்டவட்டமான விஷயங்கள், தேதியும் மொழிபெயர்ப்பும்.

மனு என்றால் இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம், கணக்கை இணைப்பாக வையுங்கள். முதல் பத்தியிலேயே எந்த அட்டவணையில் எந்த வரியை என்னவாக மாற்றச் சொல்கிறீர்கள் என்று வந்துவிட வேண்டும். கட்டுரை என்றால் கொஞ்சம் நீளலாம், ஆனால் ஐந்தாவது பத்திக்குள் கோரிக்கை வரட்டும். ஒப்புகை எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். காலத்தையும் பாருங்கள்: பட்ஜெட் வந்த மறுநாள் எல்லோரும் எழுதுவார்கள், அப்போது எதுவும் மாறாது. மனு வெளியாகி உத்தரவு வருவதற்கு முன் உள்ள சில வாரங்கள், மானியக் கோரிக்கைக்கு முந்தைய மாதம், உங்கள் ஊராட்சியின் கிராமசபைக்கு முந்தைய வாரம், இவைதான் எழுதுவதற்கான நேரம். கிராமசபை என்றால் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அவற்றோடு 2022-ல் சேர்ந்த மார்ச் 22-ம் நவம்பர் 1-ம். தேதிகளைக் காலண்டரில் குறித்துவைத்துவிட்டு, தகவல் உரிமை மனுவை அதற்கு மூன்று மாதம் முன்னதாகவே போட்டுவிடுங்கள், 30 நாளில் வரவேண்டிய பதில் மேல்முறையீடு வரை போய்த்தான் பல சமயம் கைக்கு வரும்.